ஒரே தெரு, இரண்டு மனு

‘தங்கள் தெருவிலிருந்து ஏற்கெனவே வந்துள்ள ஆட்சேபணை மனு நிலுவையில் இருப்பதால், வயர்லெஸ் பிராட்பேண்ட் இணைப்பு தற்போது வழங்க இயலாது.’

மூன்று வாரத்துக்கு முன், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு என் கைக்கு வந்த கடிதம். (வந்த நேரத்தை உறையின் மேல் குறித்து வைப்பது என் வழக்கம். சிரிக்காதீர்கள்.)

இணைப்பு எனக்காகக் கேட்கவில்லை. ராஜபாளையத்தில் எங்கள் தெருவின் முதல் வீட்டு ரஹ்மத்துக்காக. சென்னை கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைச் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. நெட் அடிக்கடி அறுந்துபோகிறது. மாதக் கடைசிக்குள் ஒழுங்கான லைன் வேண்டும், இல்லாவிட்டால் சென்னைக்கே வந்துவிடு என்று சொல்லிவிட்டார்கள். கணவருக்கு இங்கே செருப்புக் கடை. கைக்குழந்தை வேறு. எப்படிப் போவாள்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். அங்கே சிக்னல் பிரமாதம்!

ஊர் முழுக்கக் கம்பியில்லா இன்டர்நெட், கம்பத்துக்குக் கம்பம் ஒரு பெட்டி என்றது இணைப்புக் கொடுக்கும் கம்பெனியின் நோட்டீஸ். டெபாசிட் தனி, மாட்டுவதற்குத் தனி, வரி தனி. ‘அன்லிமிடெட்’டுக்கு ஒரு லிமிட்டும் உண்டாம். நாலு தடவை படித்தேன்... மொத்தம் எவ்வளவு என்பது இன்னும் புரியவில்லை. இருந்தாலும், அவள் பஸ்ஸில் அலைவதற்கு இது மேல்.

சரி, ஆட்சேபித்த புண்ணியவான் யார்?

மனு நகல்கள் வைத்திருக்கும் ஃபைலைப் பிரித்தேன். இதே பெட்டியை மாட்ட இரண்டு வருஷத்துக்கு முன் ஆட்கள் வந்தபோது கொடுத்த மனு. ‘அலைகளால் குழந்தைகளுக்கும் சிட்டுக்குருவிகளுக்கும் தீங்கு உண்டு என்பதால்...’ எழுதியவன் — நானேதான்! கீழே வீட்டு எண் வரிசைப்படி தெருவே கையெழுத்துப் போட்டிருக்கிறது. முதல் கையெழுத்து ரஹ்மத்.

எங்கள் தெருவில் மனு என்று வந்தால் யாரும் படிப்பதில்லை. பேனா எங்கே என்றுதான் கேட்பார்கள்.

“தண்ணி வரலைன்னு எழுதுன மனுன்னுல்லா நெனச்சேன் அண்ணாச்சி!” என்றாள் ரஹ்மத்.

அன்று என்னை எழுதச் சொன்னவர் மில்லில் ஓய்வு பெற்ற செல்வராஜ் அண்ணன். மனுவை வாபஸ் வாங்குவோம் என்றதும் துள்ளினார்.

“எம்புட்டுப் பாடுபட்டு நிறுத்துனோம்! இப்ப நாமளே வா வான்னு கூப்பிடவா? குருவியெல்லாம் என்ன ஆகும்?”

ரஹ்மத் விடவில்லை. “தலகாணிக்கு அடியில போனை வச்சுத்தான தூங்குதிய? அதுக்கு மட்டும் குருவி சாகாதாக்கும்?”

சட்டைப்பையைத் தடவினார் அண்ணன். பிறகு, “பேனா எங்க?” என்றார்.

இரண்டாவது மனுவும் என் கையால்தான். ‘தீங்கு ஏதும் இல்லை என்று தெரிந்துகொண்டதால்...’

நேற்று வந்து பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள் — ரஹ்மத் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிர்க் கம்பத்தில். நெட் பறக்கிறது. வேலை தப்பித்தது. அவளோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் நின்றாள்.

“நாளு பூரா தொட்டில் இதுக்கு நேராத்தான் கெடக்கும், அண்ணாச்சி. புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?”

“ஆகாதும்மா” என்றேன்.

‘உண்டு’ என்று ஒரு மனு. ‘இல்லை’ என்று ஒரு மனு. இரண்டில் எது சரி என்பதை, இரண்டையும் எழுதியவன் இதுவரை சரிபார்க்கவில்லை.