கை வைக்காத இன்ஜின்

வாயில் பிரஷ்ஷோடு குனிந்து, பெரிய ஸ்பேனரை மாட்டி, தன் வீட்டு வாசலில் இறக்கிவைத்திருக்கும் இன்ஜினை அரைச்சுற்று திருப்புகிறார் சோமசேகரன். பிறகு அதன்மேல் காதை வைக்கிறார். நுரையைத் துப்பிவிட்டு, எதிர்வீட்டு வாசலில் நிற்கும் என்னிடம், “சத்தமே இல்ல பாத்தீங்களா சார்? அவ்வளவு கண்டிசன்!” என்கிறார். ஓடாத இன்ஜினில் சத்தம் எப்படி வரும் என்று கேட்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

தருமபுரத்தில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். சொந்த மகள் சுகிர்தாவையும் சேர்த்துப் பதினான்கு பிள்ளைகள். என் மகளுக்கு ஷூ நாடா கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார், அப்படிப்பட்ட மனிதர். ஏப்ரல் கடைசியில் வேனின் இன்ஜின் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. திருமலைராயன்பட்டினத்தில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பீர் மைதீனிடமிருந்து வேறொன்று வாங்கிவந்தார். அதைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றிவிட்டு வேனில் ஏற்றுவதா, அப்படியே ஏற்றிவிடுவதா? முடிவு செய்ய வேண்டியது அவ்வளவுதான். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வேன் ஓடாவிட்டால் பிள்ளைகள் வேறு வேனுக்குப் போய்விடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

எல்லாவற்றையும் கெடுத்தது பீர் மைதீன் சொன்ன ஒரு வார்த்தை. “கை வைக்காத இன்ஜின்ணே. கம்பெனிக்காரன் முடுக்குன போல்ட்டு அப்படியே இருக்கு.” எங்கள் பக்கம் பழைய வண்டிக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. ஆனால் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கை வைத்தாக வேண்டும். வைத்துவிட்டால் அது கை வைத்த இன்ஜின். இந்த இடத்தில் வந்து நின்றவர் ஒன்றரை மாதம் நகரவே இல்லை.

மெக்கானிக் சேக் அலாவுதீன், “முழுசா பிரிச்சு ஓவராயில் பண்ணிடுவோம், நாலு நாள் வேலை” என்றார். அந்த நாலு நாளைப் பற்றி இவர் ஒரு வாரம் யோசித்தார். கிளிஞ்சல்மேட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கும் முத்தையனிடம் போனார்.

“நாங்க வருசா வருசம் பிரிச்சிருவோம். நடுக்கடல்ல நின்னா எவன் எறங்கித் தள்ளுறது?”

“அது கடலுங்க. இது தரை.”

மனைவி கல்யாணசுந்தரிக்குப் பொறுமை போய்விட்டது. “மாவு புளிச்சிருக்கான்னு கைய வச்சுத்தானங்க பாக்கணும்?” என்றார். “இவளுக்கு மெக்கானிசம் தெரியாது சார்” என்று என்னிடம் வந்து சொன்னார் சோமசேகரன். என்னையும் கேட்டார். பிரித்துவிடுங்கள் என்றேன். அன்றிலிருந்து மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

போன திங்கட்கிழமை பள்ளி திறந்தது. இன்னொரு பள்ளி வேன்காரரான நவநீதனின் வேன் எங்கள் தெருவுக்குள் வந்து நின்றது. என் மகளும் ஏறினாள். வெட்கமாக இருந்தது, எதிர்வீட்டுப் பக்கம் நான் திரும்பவில்லை. ஆனால் கல்யாணசுந்தரியே சுகிர்தாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, அதே வேனில் ஏற்றினார். பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு வந்தார் சோமசேகரன்.

“இன்ஜின் கை வச்சதா தம்பி?”

“மூணு தடவ பிரிச்சாச்சுண்ணே. சும்மா பறக்குது.”

“மூணு தடவையா!”

‘ச்சு’க் கொட்டினார். பையை மகளின் மடியில் வைத்தார். பிறகு, நோயாளிக்கு வலித்துவிடக் கூடாதே என்பதுபோல, நவநீதனின் வேன் கதவை மெல்லச் சாத்தினார்.