மிக்சர் அக்காவும் காணாமல்போன குரலும்

கேபிளின் முனையைத் துடைத்து, ஊதி, கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்ப்பார் மிக்சர் அக்கா. "சத்தம் செத்துப்போனா முதல்ல நாறும்" என்பது அவருடைய கொள்கை. இதுவரை எந்தக் கேபிளும் நாறியதில்லை, கொள்கையும் மாறியதில்லை.

கூட்டமோ, பாட்டோ, பேட்டியோ, ஒலி அக்காவுடையது, படம் அவர் வீட்டுக்காரருடையது. மைக்கில் பேசுவது, ஒலியைக் கூட்டிக் குறைத்துக் கலக்கும் பெட்டியான அக்காவின் மிக்சருக்குள் புகுந்து, ஒரு கேபிள் வழியாக வீட்டுக்காரரின் கேமராவுக்குப் போகும். குடும்பச் சண்டை முழுக்க அந்தக் கேபிளில்தான் ஓடுகிறது. லேசாக இரைந்தால் போதும், "உன் மிக்சர்தான்" என்பார் அவர். "என் பக்கம் தேனாட்டம் இருக்கு. கேமராவுக்குத்தான் காது மந்தம், அதை வெச்சிருக்கிற ஆளு மாதிரியே" என்பார் அக்கா.

போன வாரம் இவர்களுடைய ஸ்டுடியோவுக்கு ஒரு பஸ் டிரைவர் மனைவியோடு வந்தார். மறுநாள் அவருக்கு ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். அதற்குள் ஆறு வயது மகளுக்காகப் பேசிவைக்க வேண்டும்.

"நல்ல புத்தி ஏதாவது சொல்லுங்க" என்றாள் மனைவி.

"புத்தி யார் வேணா சொல்லுவாங்க. திட்டுறதுக்கு அப்பன்தான் வேணும். அட்வான்ஸா திட்டி வெச்சுடறேன்."

கரகரத்த குரலில் ஆரம்பித்தார். பரீட்சையில் கோட்டை விட்டதற்கு ஒன்று. வண்டியைக் கொண்டுபோய் எங்கேயாவது இடித்ததற்கு ஒன்று. பிறகு, "எவனையோ கூட்டிட்டு வந்து நிக்கிறியே, இவன் மூஞ்சியைப் பாரு! டிக்கெட் எடுக்காம கடைசி சீட்டுல தூங்குற மாதிரி நடிக்கிறவன் மூஞ்சி!" சிரிப்பை அடக்கி அடக்கி அக்காவுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

முடிந்ததும் டிரைவரின் போனில் ஏற்றிப் போட்டுக் காட்டினார்கள். படத்தில் வாய் அசைந்தது. குரலைக் காணோம். மனைவியின் முகம் வெளிறிப்போனது. டிரைவருக்கோ தொண்டை கட்டிவிட்டது. அத்தனையையும் மறுபடி திட்ட அவரால் ஆகாது.

"உன் மிக்சர்தான்."

"வாயை மூடிட்டு அந்த ஹெட்போனைக் குடுங்க."

கம்ப்யூட்டரில் ஓடவிட்டு ஹெட்போனில் கேட்டார். குரல் இருந்தது. இடது காதில் மட்டும் வைத்தார், கேட்டது. வலது காதில் மட்டும் வைத்தார், அதிலும் கேட்டது. போனின் ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் சேரும்போதுதான் மாயமானது. அக்கா கேமராவிலிருந்து கேபிளைப் பிடுங்கிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்தக் கேமராவுக்கு ஆகாத கேபிள் அது. ஒரே குரலை ஒரு பக்கம் நேராகவும் மறு பக்கம் தலைகீழாகவும் அனுப்பியிருக்கிறது.

"ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்குது. தனித்தனியா ரெண்டும் நல்லாப் பேசுது, ஒண்ணாச் சேர்ந்தா பேச்சே இல்ல. நம்ம குடும்பமேதான்!"

"மாட்டினது யாரு?"

"நான்தான். இப்ப என்னங்கறீங்க?"

வலப்பக்கத்து ஒலியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் போனில் ஏற்றினார் அக்கா. "எவனையோ கூட்டிட்டு வந்து நிக்கிறியே!" என்று அறை அதிரத் திட்டு விழுந்தது. டிரைவரின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சரியான கேபிளை மாட்டி, சோதித்துப் பார்க்கக் கேமராவை ஓடவிட்டார்கள். "சும்மா ஏதாவது சொல்லுங்க" என்றார் அக்கா.

"நீங்க ரெண்டு பேரும் போடுற சண்டை இருக்கே..." என்று தொடங்கிய டிரைவருக்கு மேலே வார்த்தை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. இருமலும் கரகரப்புமாக, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தார். சோதனைதானே என்று வீட்டுக்காரர் கேமராவை அணைக்கக் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையை அந்தரத்திலேயே பிடித்து, சத்தம் வராமல் தன் மடியில் அமுக்கி வைத்துக்கொண்டார்.