புலமைப்பரிசிலுக்குப் பெண் பார்த்த கதை

ஏ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்து, எனக்குக் கெம்பஸ் கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாமே சந்தோஷப்பட்டன. என் சந்தோஷம் மட்டும் சீக்கிரமே வடிந்துவிட்டது. கெம்பஸில் படிப்புக்குக் காசு கேட்க மாட்டார்கள். தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் புத்தகத்துக்கும் கேட்பார்களே! கொழுந்து பறிக்கும் அம்மாவின் சம்பளத்திலும், தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் அப்பாவின் சம்பளத்திலும் அது நடக்கிற காரியமில்லை. நடக்காவிட்டால் எனக்காகப் பண்டாரவளையில் ஒரு புடவைக் கடையில் வேலை பேசி வைத்திருந்தார்கள். கடை முதலாளி நல்ல மனிதர். எனக்குப் பயமே அதுதான். நல்ல மனிதரிடம் வேலைக்குப் போனால் அப்படியே இருந்துவிடுவேன்.

அதனால் படிப்புச் செலவுக்குப் பணம் தருகிற புலமைப்பரிசில் தேட ஆரம்பித்தேன். எங்கள் தோட்டத்தில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஏறி நின்றால்தான் ஃபோனுக்கு ஒழுங்காக சிக்னல் வரும். மூடுபனியில் நடுங்கிக்கொண்டு அங்கே நின்று வாட்ஸப்பில் வந்ததையெல்லாம் படித்தேன். ஒன்று மீனவர் பிள்ளைகளுக்கு. நாங்கள் இருந்த உயரத்துக்கு மீன் வருவதே கருவாடாகத்தான். இன்னொன்று ஜப்பானில் போய்ப் படிக்கிறவர்களுக்கு. மற்றொன்றுக்கு ஆசை ஆசையாக எல்லாம் எழுதி முடித்த பிறகுதான், அது எப்போதோ முடிந்துபோன விஷயம் என்று தெரிந்தது. அதை அனுப்பிய புண்ணியவான் யாரென்று இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே உதவி செய்கிற ஓர் அறக்கட்டளை அகப்பட்டது. கிராம சேவகர் கையெழுத்து, தோட்டத்துத் துரையின் கடிதம், அதிபரின் கடிதம் என்று அலைந்து திரிந்து எல்லாவற்றையும் அனுப்பினேன். கொஞ்ச நாளில் அங்கிருந்து ஃபோன் வந்தது. சனிக்கிழமை இரண்டு பேர் வந்து எங்கள் வீட்டு நிலைமையைப் பார்ப்பார்களாம். பார்த்த பிறகுதான் முடிவு சொல்வார்களாம்.

அங்கேதான் வினை தொடங்கியது. எங்கள் லயத்தில் வெளியாட்கள் வந்து வீட்டைப் பார்ப்பது என்றால் பெண் பார்க்க வருவது ஒன்றுதான். அதற்கு ஒரு முறை இருக்கிறது. யார் வீட்டுக்கு வருகிறார்களோ அந்த வீட்டுக்கு லயத்தில் உள்ள நல்ல சாமான்கள் எல்லாம் போய்ச் சேரும். காரியம் முடிந்ததும் திரும்பி வரும். இவர்கள் எதற்கு வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தார்கள். வேறு எப்படிச் செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுச் சித்தி தலைமை தாங்கினார். அவருடைய மகள் குவைத்தில் வேலை செய்கிறாள். ஆகவே சித்தி வீட்டில் சிவப்பு வெல்வெட் சோபா உண்டு, பிரிட்ஜ் உண்டு. சோபா எங்கள் வாசலுக்குள் நுழையாமல் அடம்பிடித்தது. கதவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே தள்ளினார்கள். பிரிட்ஜை வைத்த மூலையில் ப்ளக் இல்லை. அது சும்மா நின்றது, உள்ளே சித்தியின் கருவாட்டோடு. பெரிய டீவி ஒன்று மேல் லயத்து வீட்டிலிருந்து வந்தது. உட்காருவதற்குக் கோயில் கமிட்டி பிளாஸ்டிக் கதிரைகளை அனுப்பியது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்பா, நம்ம கஷ்டத்தப் பாக்கத்தான் அவுங்க வர்றாங்க!" என்றேன்.

"கஷ்டத்தப் பாக்கட்டும்" என்றார் அப்பா. "ஒக்காந்துக்கிட்டு பாக்கட்டும்."

எங்களுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு பெஞ்சு. அதை அப்பா வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் விறகுக்குப் பக்கத்தில் மறைத்து வைத்துவிட்டார். சித்தி எனக்குச் சீலை கட்டிவிட்டு, முகத்தில் பவுடரை அப்பி, தலையில் பூவும் வைத்தார். நான் பிடுங்கி எறிந்த பூவை எடுத்து மறுபடியும் வைத்தார்.

பெரகலையிலிருந்து வேனில் வந்தவர்கள் ரோட்டில் இறங்கி, படியேறி வந்து சேர்ந்தார்கள். தலை நரைத்த ஒரு சேர், கண்ணாடி போட்ட ஒரு மேடம். சோபாவில் உட்கார வைத்ததும் இருவரும் சுற்றிலும் பார்த்தார்கள். சேர் பேனாவைத் திறந்தார். நான் வடையும் கேசரியும் தேத்தண்ணியும் வைத்த தட்டோடு தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். வேண்டுமென்று குனியவில்லை. சித்தி பின்னாலிருந்து பிடரியை அமுக்கினார்.

"பிரிட்ஜ் எப்ப வாங்கினீங்க?" என்று மேடம் கேட்டார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "அது... கொஞ்ச நாளாச்சுங்க."

சேர் அதை எழுதிக்கொண்டார். வருமானம் எப்படி என்று அவர் அடுத்துக் கேட்டபோது, அப்பா வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டார்.

"நல்ல குடும்பங்க. பின்னால மரக்கறித் தோட்டம் போட்டிருக்காங்க. ஒரு கொறையும் இல்லீங்க. புள்ளையும் நல்லா சமைக்கும்!"

சேர் அதையும் எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தி, "அப்படின்னா இந்த உதவி உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார்.

பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற கேள்வி இல்லையே இது! எனக்குக் கண்ணுக்கு முன்னால் பண்டாரவளை புடவைக் கடை தெரிந்தது. தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கத்தினேன்.

"சேர், இதுல ஒண்ணுமே எங்களுது இல்ல! வெளியில ஒரு பெஞ்சு இருக்கு. அது மட்டுந்தான் எங்களுது!"

சித்தி என்னைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க, சோபா என்னோடது" என்றார். "டீவி எங்களுதுங்க!" என்று ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல். அதற்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. ஒரு குறையும் இல்லாத குடும்பம் கண் மூடித் திறப்பதற்குள் பஞ்சப் பரதேசியாகிவிட்டது. "மழ பேஞ்சா வீடெல்லாம் ஒழுகும்ங்க!" என்றார் சித்தி. "பாவம், இதுகளுக்கு ஒண்ணுமே இல்லீங்க!" மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது.

சேர் பேனாவை மூடினார். "இத ஏன் நீங்க முதல்லயே சொல்லல?" என்று அப்பாவைக் கேட்டார்.

"நீங்க இன்னும் தேத்தண்ணி குடிக்கலீங்களே சேர்" என்றார் அப்பா. "வந்தவங்க வாயில ஒண்ணும் போடுறதுக்கு முன்னால நம்ம கஷ்டத்தச் சொன்னா, அவுங்களுக்கு எப்படி எறங்கும்? குடிச்சு முடிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

சேர் தேத்தண்ணியை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். ஒரு வடையையும் தின்று முடித்தார். "இப்ப சொல்லுங்க" என்றார்.

அப்பா சொன்னார். கூரைத் தகரத்தைப் பற்றிச் சொன்னார், அம்மாவின் கால் வலியைச் சொன்னார். அதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். பிறகு, "ஞாயித்துக்கெழம வெலிமடைக்குப் போயி கெழங்கு மூட்ட ஏத்துவேங்க. அதுலதான் புள்ள டியூசனுக்குப் போச்சு. இப்பவும் போறேன், முதுகுதான் விடமாட்டேங்குது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வெலிமடையில் கல்யாணம் என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா போவார். ஊரில் உள்ள கல்யாணமெல்லாம் வெலிமடையில்தான் நடக்கிறதா என்று நான் கேலி செய்வேன். என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்பேன். அவரும் சளைக்காமல் பாயாசம் வரைக்கும் சொல்வார். அடுப்படி வாசலில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா ஆச்சரியப்படவில்லை. நான் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். "அழாத புள்ள, பவுடர் போகுது" என்றார் சித்தி.

புலமைப்பரிசில் கிடைத்தது. தன் சோபாவால்தான் கிடைத்தது என்று சித்தி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதல் பணம் வந்த பிறகு, நான் கெம்பஸுக்குப் புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அப்பா வெலிமடைக்குப் போகவில்லை. மத்தியானம் அம்மா ஆக்கிய சோற்றை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "கல்யாண வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கு" என்றார். அவர் ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.