சிங்கப்பூர் பக்கம்தான்

தல்லாகுளத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், என் தம்பியை யாராவது "எங்கேயோ தூரத்தில் இருக்கிறவர்" என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மதுரையிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் எட்டு மணி நேரம். சிங்கப்பூருக்கு விமானத்தில் நாலு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய. அப்படியானால் எது பக்கம்? இந்தக் கணக்கில் என்னை யாரும் ஜெயித்ததில்லை.

மகளுக்கு ஒரு வயது முடிந்ததும், டி. கல்லுப்பட்டிப் பக்கம் கணவர் வீட்டுக் குலசாமி கோயிலில் காதுகுத்து வைத்தோம். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவனுக்கு முதல் நாள் லீவு கிடைக்கவில்லை. அன்று காலை ஏழு மணி விமானம்தான்.

மாமனார் விரல் விட்டு எண்ணினார். "ஏழும் நாலும் பதினொன்னு. அதுக்குள்ள பந்தியே போட்டிருவோம். விளாங்குடியில ஒன் சித்தப்பா மகன் இருக்கான்ல, அவன் மடியில வச்சுக் குத்திருவோம்த்தா."

"அங்க ஏழுன்னா இங்க நாலரைதான் மாமா. எட்டே முக்காலுக்கு மதுரையில எறங்கிருவான். பத்து மணிக்குக் கோயில்ல நிப்பான்."

"ஏழு மணிக்கு ஏறுறான்ங்கிற, நாலு மணி நேரம் பறக்குதுங்கிற, எட்டே முக்காலுக்கு எறங்குறான்ங்கிற. என்னைய என்னன்னு நெனச்ச?"

வீடே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "என் தம்பி மடி இல்லேன்னா என் மகளுக்குக் காதே குத்த வேணாம்" என்று சொல்லிவிட்டேன்.

அன்று காலை, மாமனார் ஏற்பாட்டில் விளாங்குடித் தம்பி பட்டு வேட்டியோடு வந்து நின்றான். நான் அவனுக்குக் காபி கொடுத்து நிழலில் உட்காரச் சொன்னேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது என் தம்பியின் கார் வந்து நின்றது. மாமனார் வாட்சைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மாலையை எடுக்கப் போனார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியில் வைத்ததுதான் தாமதம், குழந்தை வீறிட்டாள். ஆசாரி இன்னும் ஊசியைக்கூட எடுக்கவில்லை. "குட்டிம்மா, மாமா வந்துட்டேன்டா" என்றான் தம்பி. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் அவன் கூப்பிடுவது அப்படித்தான். அழுகை சட்டென்று நின்றது. ஆனால் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த செல்போனைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நாலு மணி நேரம், நாலு மணி நேரம் என்று ஊரெல்லாம் பீற்றிய நான், அவள் பிறந்ததிலிருந்து அவன் ஒரு தடவைகூட வரவில்லை என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

செல்போனைக் கணவரிடம் கொடுத்து அந்தப் பக்கம் போகச் சொன்னேன். "நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கடா. பழகிருவா" என்றேன். அவன் பிடித்துக்கொண்டான். ஆசாரி குத்தினார். அவள் அலறிய அலறலில் நான் கை நீட்டி ஓடினேன். அதற்குள் அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பற்றிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்துவிட்டாள். இன்னொரு காதைக் குத்துவதற்காக அவளை அந்தத் தோளிலிருந்து திருப்ப நாங்கள் மூன்று பேர் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.