ஐலீனுக்கு ஒரு சாவி

லாபிஸ் ஊர்ப் பக்கத்துப் பலகைத் தொழிற்சாலையில் ஆண்களே தயங்கிய ஃபோர்க்லிஃப்டைப் பல வருடம் ஓட்டியவள் ஐலீன். பாரமான மரக்கட்டுகளை லாரியின் விளிம்பு உரசாமல் ஏற்றி இறக்குவாள். தொழிற்சாலையை மூடிவிட்டபோது கையில் கொடுத்த நஷ்டஈட்டை அப்படியே கணவன் ரோலண்டிடம் நீட்டினாள். அவன் அதில் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினான். கார் அவன் பெயரில். சாவியும் அவன் இடுப்பில். அவள் பங்குக்குக் காரைக் கழுவலாம், யாரும் தடுக்கவில்லை.

ரோலண்டுக்குச் சிங்கப்பூரில் கிடங்கு வேலை. ஜோகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்து, ஞாயிறு மாலை நண்பனின் வேனில் கிளம்பிவிடுவான். போகும்போது சாவியையும் கொண்டுபோவான். ஆகவே சாவி தினமும் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி வேலைக்குப் போய்வந்தது. கார் வீட்டுமுன் போர்ச்சில் சும்மா நின்றது.

சும்மா நின்ற காரைத் தாண்டித்தான் ஐலீன் தன் மாமனாரைக் கைத்தாங்கலாகப் பஸ் ஸ்டாப்புக்கு நடத்திப் போனாள். அருளப்பனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் சிகாமட்டில் டயாலிசிஸ். போகும்போதாவது பரவாயில்லை. திரும்பும்போது மனிதர் துவண்டுபோய் அவள் தோளில் சாய்ந்துகொள்வார். ஒருமுறை பஸ்ஸிலேயே அவள் மடியில் வாந்தி எடுத்துவிட்டார். அவள் முகம் சுளிக்கவில்லை. "நீ இல்லன்னா நான் இல்லம்மா" என்று அவர் அடிக்கடி சொல்வார். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு மூன்று நாள் களைப்பும் போய்விடும். ஏமாளி என்று சொல்லுங்கள், அவள் அப்படித்தான்.

"இன்னொரு சாவி செஞ்சி வச்சா என்ன?" என்று ரோலண்டிடம் கேட்டுப் பார்த்தாள்.

"அது சிப் வச்ச சாவி லா. ஷோரூம்ல விலை கேட்டேன், மயக்கமே வந்திருச்சி. இருக்கறதே ஒண்ணு. அத நீ தொலைச்சிட்டா?"

மரக்கட்டைத் தொலைக்காதவள் சாவியைத் தொலைத்துவிடுவாளாம்! அந்த வாரம் டயாலிசிஸ் மையத்தில் இன்னொரு நோயாளியின் மனைவி, சிகாமட் சந்தைக்குப் பின்னால் குணாளன் என்கிற சாவிக்காரனைப் பற்றிச் சொன்னாள். ஷோரூம் விலையில் கால்வாசிகூட ஆகாது, ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும் என்றாள்.

அந்த ஞாயிறு மாதாகோயில் பூசை முடிந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு ரோலண்ட் குறட்டை விட்டான். ஐலீன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தன் பணத்தில் வாங்கிய காரைத் திருடி மாதிரி ஓட்டிப்போகிறோமே என்று வழியெல்லாம் எரிச்சல்.

குணாளன் புதுச் சாவியை வெட்டினான். பிறகு ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு கருவியைச் செருகிப் பார்த்தான்.

"அக்கா, இன்னொரு சாவி எங்க?"

"ஒண்ணுதான் தம்பி."

"இல்லக்கா, இதுல ரெண்டு காட்டுது. இந்த மாதிரி கார்ல புது சாவி சேக்கறப்ப எல்லா சாவியும் இங்க இருக்கணும். இல்லாதது அழிஞ்சிரும். அப்பறம் அதால கதவுதான் திறக்கலாம், இன்ஜின் ஸ்டார்ட் ஆவாது."

காரை முன்பு வைத்திருந்தவன் கையில் ஒன்று தங்கியிருக்கும் என்று ஐலீன் நினைத்தாள். நினைத்ததும் பயம் வந்தது. யாரோ முகம் தெரியாதவன் வந்து காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டால்?

"அழிச்சிரு தம்பி. நல்லதாப் போச்சி" என்றாள். ரோலண்ட் விழிப்பதற்குள் பழைய சாவியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை அருளப்பனிடம் மட்டும் புதுச் சாவி செய்ததைச் சொன்னாள். "நாளைக்கு நாம கார்லயே போலாம் மாமா." அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ முகம் வெளுத்துப்போய், "வேணாம்மா, பஸ்லயே போலாம். கார்ல ஏறுனா எனக்குத் தல சுத்தும்" என்றார். மருமகளை ரோலண்ட் திட்டுவானே என்று பயப்படுகிறார் போலும், எவ்வளவு பாசம் என்று அவள் உருகிப்போனாள். செவ்வாய்க்கிழமை பஸ்ஸிலேயே கூட்டிப்போனாள்.

மதியம் திரும்பி வந்தபோது கார் போர்ச்சில் இல்லை. வாசலுக்கு வெளியே சாலையில் குறுக்காக நின்றது. கதவு திறந்திருந்தது. ரோலண்டின் தம்பி கில்பர்ட் சட்டை நனைய உள்ளே உட்கார்ந்திருந்தான். பக்கத்து ஊரான பெக்கோக்கிலிருந்து வந்த அவனுடைய மோட்டார் சைக்கிள் அவர்கள் வீட்டு மாமர நிழலில் சொகுசாக நின்றது. எதிர்வீட்டு லோஷினியின் கணவன் காரைத் தள்ளிக் களைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கில்பர்ட் அண்ணியைப் பார்க்கவே இல்லை. நேராக அப்பாவிடம் கத்தினான். "அப்பா, நீங்க கொடுத்த சாவி வேல செய்யலப்பா! ஸ்டார்ட்டே ஆவல. பார்சல் எல்லாம் அப்படியே கிடக்கு."

நீங்கள் கொடுத்த சாவி.

லோஷினி வாசலிலிருந்து, "ஏன்க்கா, நீங்க சிகாமட் போற அன்னிக்கெல்லாம் கார உங்க கொழுந்தன்தான எடுத்துட்டுப் போவாரு? நீங்கதான் கொடுக்கறீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அதாவது அவளும் கிழவரும் பஸ்ஸுக்காக வெயிலில் நின்ற நேரமெல்லாம், கார் கில்பர்ட்டின் பார்சல்களைச் சுமந்து ஊர் சுற்றியிருக்கிறது. அவர்கள் வருவதற்குள் ஒன்றும் தெரியாததுபோல் போர்ச்சில் வந்து நின்றிருக்கிறது.

"மாமா, சாவி உங்ககிட்ட எப்படி வந்திச்சி?"

அருளப்பன் ஊசி குத்திய கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "கார் வாங்குனப்ப ரெண்டு சாவி கொடுத்தாங்க. பெரியவன் ஒண்ண பத்திரமா வைங்கன்னு என்கிட்ட கொடுத்தான். சின்னவனுக்கு நிரந்தர வேலை இல்ல, பார்சல் கொண்டு போட்டுத்தான் பொழைக்கிறான், மூணு பிள்ளைங்க. உன்கிட்ட சொன்னா சண்ட வரும்னு…" சற்று நிறுத்தினார். "உன்கிட்ட புது சாவி இருக்குல்லம்மா? அவனுக்குக் கொடு. அவசரமாம்."

ஐலீன் கில்பர்ட்டை இறங்கச் சொன்னாள். தன் சாவியைப் போட்டாள், ஒரே திருகில் இன்ஜின் பிடித்தது. காரை நேராகப் போர்ச்சில் கொண்டுவந்து நிறுத்திப் பூட்டினாள். கில்பர்ட் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு மோட்டார் சைக்கிளில் போனான்.

சாயங்காலம் ரோலண்ட் போனில் குதித்தான். "யாரக் கேட்டு சாவி செஞ்ச?"

"உங்கப்பாவுக்கு கார் ஓட்டவே தெரியாது. அவருக்கு ஒரு சாவி கொடுத்தீங்க. எனக்கு ஏன் கொடுக்கல?"

"வீட்ல பெரியவர்னு ஒருத்தர் இருக்கார்ல."

அவள் போனை வைத்துவிட்டாள். அழுதாள். வீட்டுக்குள் யாரை நம்பக்கூடாது என்று ஒரு கணக்கு இருந்திருக்கிறது, அதில் தான் ஒருத்திதான் இருந்திருக்கிறோம் என்பதுதான் அவளை அறுத்தது.

வியாழக்கிழமை காலையில் காரைக் கிளப்பி முன்கதவைத் திறந்து வைத்தாள். அருளப்பன் தேய்த்த சட்டையோடு வெளியே வந்தார். திறந்த கதவைக் கடந்து வாசலுக்கு நடந்தார்.

"ஏறுங்க மாமா."

"நான் பஸ்லயே போயிக்கிறேன்மா. சின்னவன் கார் இல்லாம நிக்கறப்ப நான் எப்படி இதுல ஏறி உக்கார்றது?"

போய்த் தொலையட்டும் என்று அவள் காருக்குள்ளேயே இருந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து அவர் பஸ் ஏறுவதைப் பார்த்தாள். பிறகு திரும்பி வரும்போது அவருக்கு நிற்கத் தெம்பிருக்காது என்ற நினைப்பு வந்தது. நாசமாய்ப் போன மனசு. காரை எடுத்தாள்.

சிகாமட் வரைக்கும் பஸ்ஸின் பின்னாலேயே ஓட்டினாள். பஸ் நின்ற இடத்திலெல்லாம் நின்றாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

மையத்துக்கு முன்னால் அவர் பஸ் படியிலிருந்து தடுமாறி இறங்கினார். அவள் ஓடிப்போய்க் கையைக் கொடுத்தாள். அவர் வழக்கம்போலவே இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கக் கேட்டார்:

"கில்பர்ட் போன் பண்ணானாம்மா?"