பூண்டுக்கு முன்னால் வந்த பெயர்கள்

கொடைக்கானலில் நடந்த கட்சி மாநாட்டுக்குச் செய்தி சேகரிக்கப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். மன்னவனூர்க்காரர், பூண்டு விவசாயி. யாரிடம் பேசினாலும் முதலில் குரங்குக் குல்லாவைக் கழற்றிவிடுவார். பேச்சு முடிந்த பிறகுதான் மாட்டிக்கொள்வார்.

பூண்டு விற்க வடுகபட்டிவரை இறங்க வேண்டியிருக்கிறது, மலையிலேயே ஒரு சந்தை வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த தீர்மானம். மேடையேறினார், குல்லாவைக் கழற்றினார், வழக்கம்போல் 'அவர்களே, அவர்களே' என்று தலைவர்களை விளித்தார். அதில் ஒன்றியச் செயலாளருக்கு முன்னால் நகரச் செயலாளரின் பெயரைச் சொல்லிவிட்டார். அந்த இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது.

"யாருய்யா சொல்லிக் குடுத்தது?" என்று ஒரு தரப்பு எழுந்தது. மறுதரப்பு கைதட்டியது. ரகளையில் யாரோ மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டிலும் அதே பேச்சுதான். பூண்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே பாய் கடையில் அவர் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடையில என்னங்க சொல்ல வந்தீங்க?" என்றேன்.

"கேக்குறீங்களா?" முகம் மலர்ந்துவிட்டது. கிளாசை வைத்துவிட்டு எழுந்து, சாரலில் குல்லாவைக் கழற்றினார்.

"டீக்கடை பாய் அவர்களே, பத்திரிகைக்காரத் தம்பி அவர்களே..."

சட்டென்று நிறுத்தி, கவலையோடு என்னைப் பார்த்தார்.

"பாயை மொதல்ல சொன்னதுல ஒங்களுக்கு வருத்தம் ஒண்ணுமில்லீங்களே?"

"இல்லீங்க, பேசுங்க."

பாயும் டீ ஆற்றுவதை நிறுத்தினார். விவசாயி பேசி முடிக்கிறவரை அந்த நரைத்த தலையில் சாரல் விழுந்துகொண்டே இருந்தது.