மந்தின் ஏற்றத்தில் கொதித்த வேன்

வேன் ஓட்டுகிறவர்களுக்கு மூன்று கண் இருந்திருக்க வேண்டும்: சாலைக்கு ஒன்று, பின்னால் வரும் லோரிக்கு ஒன்று, சூட்டு மீட்டருக்கு ஒன்று. நான் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் அந்த மீட்டர் முள்ளை நான் படிக்கிற மாதிரி யாரும் பரீட்சைக்குக்கூடப் படித்திருக்க மாட்டார்கள். பழைய வண்டி வைத்திருக்கும் உங்களுக்கு இது புரியும். வண்டி கெட்டுப்போனால் வருவது சாதாரணப் பயம். பட்டறையிலிருந்து திரும்பி வந்த பிறகு வருவதுதான் பெரிய பயம்.

மலேசியாவில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மலைச்சாலை ஏறி இறங்கி மந்தின் அருகே உள்ள தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்க் கூட்டி வருவது என் தொழில். எனக்குச் சோறு போடுவது அந்த வேன்தான்.

புது ரேடியேட்டர்

ரேடியேட்டர் ஒழுகியது. லுக்குட் ஊரில் பட்டறை வைத்திருக்கும் போமன், அதாவது மெக்கானிக், அந்தோணி புதிதாக ஒன்று மாட்டினான். தண்ணீர் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, உள்ளே இருந்த காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியேறும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திருகினான். நல்ல வேலைக்காரன். ஒரே குறை, நான் கவலைப்படும்போதெல்லாம் சிரிப்பான்.

"முள்ளு பாதிக்கு மேல போனா என்ன செய்யணும்? சத்தம் வந்தா? புகை வந்தா? புகை வராமலே கொதிச்சா?" என்று கேட்டுக்கொண்டே வேனைச் சுற்றி வந்தேன். அவன் கையைத் துணியில் துடைத்தபடி சொன்னான்: "வண்டி நல்லாத்தான் இருக்கு லா அக்கா. சூடு ஏறாம இருக்க உங்களுக்குத்தான் ஏதாச்சும் மாட்டணும்."

பெரிய துணியாகக் கொடுங்கள்

எங்கள் பக்கம் பட்டறையிலிருந்து வரும் வண்டி நேராக வீட்டுக்குப் போகாது. முதலில் கோயில். தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார், சூடம் காட்டினார், சந்தனம் பூசினார். பிறகு முன்பக்கக் கம்பிகளில் கட்ட ஒரு சின்ன மஞ்சள் துணியை எடுத்தார். எனக்கு மனசு ஆறவில்லை. மந்தின் ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்று அவருக்குத் தெரியுமா? பெரிய துணியாகக் கேட்டு வாங்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரித்து, நானே இறுக்கிக் கட்டினேன். வேப்பிலையும் செருகினேன்.

மறுநாள் காலை ஏறிய பெண்களில் கமலாதான் முதலில் பார்த்தாள். எப்போதும் முன் சீட்டில் உட்காருகிறவள். வாயும் முன்னால்தான் நிற்கும். "என்னக்கா, வேலைக்குப் போறோமா, வேனுக்கு வளைகாப்பா?" என்றாள்.

ஏற்றத்தில்

பாதி ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி என்ஜினை நிறுத்தினேன். ஆவி புஸ்ஸென்று வந்தது. மூடியைத் திறக்கப் போன ஒருத்தியைக் கத்தி விலக்கினேன். சூட்டில் திறந்தால் கொதிதண்ணீர் முகத்தில் அடிக்கும், உங்களுக்குத் தெரியும். ஆறும்வரை எல்லோரும் சாலையோரம் வரிசையாக நின்றோம். போகிற வருகிற லோரிக்காரர்கள் எல்லாம் ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்கள்.

தொழிற்சாலை வாசலில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தாமதத்துக்குக் காரணம் கேட்டார். கமலாதான் பதில் சொன்னாள்: "சார், வேன் குளிச்சிட்டு வந்துச்சு."

ஆளுக்கொரு வேண்டுதல்

வேன் மறுபடி பட்டறைக்குப் போனது; அந்தோணி சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினான். தண்ணீர் பம்பைப் பார்த்தான், பெல்ட்டைப் பார்த்தான், விசிறியைப் பார்த்தான். லுக்குட் சமவெளியில் ஓட்டினால் முள் கொஞ்சம் தள்ளாடிவிட்டுப் பாதியில் நின்றுகொள்ளும். அவனுக்கே குழப்பம்.

இதற்குள் பெண்களுக்கும் என் பயம் தொற்றிக்கொண்டது. வேலை போய்விடுமோ என்று அவர்களுக்கு, வேன் காலியாகிவிடுமோ என்று எனக்கு. ஒருத்தி மஞ்சள் துணி கொண்டுவந்து கட்டினாள். அதைப் பார்த்து அடுத்தவள். ஒருத்தி தன் பழைய சேலையிலிருந்து கிழித்த ஒரு முழம். கமலாகூட யாருக்கும் தெரியாமல் ஒன்று கட்டிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வண்டிக்காக இத்தனை பேர் வேண்டிக்கொள்கிறார்களே!

அந்த வாரமே வேன் ஏற்றத்தின் அடிவாரத்திலேயே கொதித்தது. சூப்பர்வைசர் இந்த முறை கேள்வியே கேட்கவில்லை. என் ஜன்னலோரம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "இன்னொரு தடவ லேட்டானா எல்லாரையும் கம்பெனி பஸ்ஸுக்கு மாத்திடுவேன்மா."

அந்தோணி தொடாத இடம்

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அந்தோணி எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டான். வெள்ளைச் சட்டையோடு வேனுக்கு முன்னால் குந்தினான். துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை நீட்டினான், இழுத்துக்கொண்டான்.

"என்னப்பா?"

"இத நான் தொடலாமாக்கா? சாமி துணி. நான் வேற கோயிலு. தப்பாயிடுமோன்னுதான் இத்தன நாளும் முன்னால கை வைக்காம, அடியில படுத்தே வேல பாத்தேன்."

"நீ மாதாகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டுத் தொடு. நான் பாத்துக்கறேன்."

அவன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு முனையை இழுத்தான். துணி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. கம்பிகளுக்கு உள்ளே விசிறி இழுத்து அப்பி வைத்திருந்த சேலைத் துண்டு, காய்ந்த வேப்பிலை, சந்தனம் பூசிய இன்னொரு துணி. உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. அவன் மடியில் குவித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்: "ரேடியேட்டருக்குக் காத்து வேணும்க்கா. நீங்க அதுக்குக் கம்பளி போத்தி வச்சிருக்கீங்க."

பூசாரியின் தீர்ப்பு

துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். கட்டிய வேண்டுதலை அவிழ்த்தால் குற்றமா? அவிழ்த்தது வேறு மதத்துக்காரன், அது குற்றமா? திரும்பக் கட்டினால் வண்டி கொதிக்கும், கட்டாவிட்டால் அம்மன் கொதிப்பாளா? மூச்சு விடாமல் கேட்டு முடித்தேன். பூசாரி விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே, "பின்னால கட்டும்மா. வண்டிக்குப் பின்னாலயும் அவதான் வரா," என்றார்.

திங்கட்கிழமை

பின் பம்பர் முழுக்க மஞ்சள் துணி பறக்கப் புறப்பட்டோம். மந்தின் ஏற்றம் தொடங்கியது. பின் சீட்டுப் பெண்கள்கூட எழுந்து வந்து என் தோள்மேல் சாய்ந்துகொண்டு மீட்டரைப் பார்த்தார்கள். முள் பாதிக்குக் கீழேயே கிடந்தது. வளைவு தாண்டியது, நகரவில்லை. உச்சி தாண்டியது, நகரவில்லை. இறக்கத்தில் யாரோ கைதட்ட, எல்லோரும் கத்திய கத்தலில் நானே பயந்து பிரேக்கை மிதித்துவிட்டேன்.

கம்பெனி பஸ் வருவதற்கு முன்பே வாசலில் நின்றோம். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். "பஸ்ஸுல வசதியா ஏர்கான்ல வரலாமே, இன்னும் இதுலயா வரீங்க?" என்று கேட்டார். நான் ஸ்டீரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். கமலா கீழே இறங்கி, கதவைப் படாரென்று சாத்தினாள்: "பஸ்ஸுல வந்தா தூங்கிடுவோம் சார். அக்கா வேன்ல பயந்துகிட்டே வரதால, இறங்கும்போதே முழிச்சிருக்கோம்ல!"

அன்றிலிருந்து வேன் ஒரு நாளும் கொதிக்கவில்லை. இப்போது என் கவலையெல்லாம், இத்தனை நாளாக ஏன் கொதிக்காமல் இருக்கிறது என்பதுதான்.